‘லீவ்’: இரு என்பதா, போ என்பதா?

1990ஆம் ஆண்டு மாரிகாலம். கிழக்கு லண்டனில் ஈஸ்ற்ஹாம் பகுதியில், மூன்று அறைகள் கொண்ட வீடொன்றில் நாம் ஒன்பது பேர் குடியிருந்தோம். கதவிலுள்ள கடிதத் துவாரத்தால் மண்ணிற உறை விழும் ஓசை கேட்டால் ஒன்பது வயிறுகளும் ஒருசேரக் கலங்கும். அவ்வாறான ஒருநாட் காலை, எம்முள் மூத்தவராயிருந்த அண்ணர் ஒருவருக்கு உள்நாட்டமைச்சிலிருந்து கடிதம் வந்தது. பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். மேலங்கியைக் கழற்றாமலே உறையைக் கிழித்தார். ஊரிலே கற்ற ஆங்கிலம் சிறிது அவரிடம் இருந்தது. முதற் பந்தியில் ‘றிபியூஸ்ட்’ என்ற சொல் கண்ணிற் பட்டது. இரண்டாம் பந்தியில் ‘லீவ்’ என்ற சொல். அதற்கு மேல் அவர் வாசிக்கவில்லை. கோரிக்கை மறுக்கப்பட்டது, நாட்டை விட்டுப் போ. அவர் விளங்கிக்கொண்டது இவ்வளவே.

மூன்று நாட்கள் அவர் வேலைக்குப் போகவில்லை. அறையின் மூலையில் இருந்தபடி, எவரிடம் எவ்வளவு கடன் என்று ஒரு தாளில் எழுதினார். தமது குளிர்கோட்டை என்னிடம் தந்து, “ஊரிலை எனக்கு இது என்னத்துக்கு, நீ போடு தம்பி” என்றார். நான்காம் நாள் நாங்கள் இருவர் வற்புறுத்தி, கடிதத்தோடு அவரைச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த பெண்மணி கடிதத்தைப் படித்துவிட்டு, இவர் ஏன் இந்தக் கோலத்தில் இருக்கிறார் என்று எம்மைக் கேட்டார். அகதி என்ற தகுதி மறுக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால், அடுத்த பந்தியில் அவருக்கு ‘எக்செப்ஷனல் லீவ் ரு றிமெயின்’, அதாவது விதிவிலக்காகத் தங்கியிருக்கும் அனுமதி, ஓராண்டுக்கு வழங்கப்பட்டிருந்தது.

“லீவ் எண்டால் போ எண்டுதானே?” என்று அண்ணர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். குளிர்கோட்டை அன்று மாலையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று என்னைப் பற்றிக்கொண்ட அந்தச் சொல் இன்றுவரை விடவில்லை. பின்னாளில் மொழிபெயர்ப்பாளனாகச் சட்டத்தரணிகளின் அலுவலகங்களிலும் விசாரணை மன்றங்களிலும் எம்மவர் அருகே அமர்ந்தபோது, அதே சொல் அதே மயக்கத்தைத் தருவதைப் பலமுறை கண்டேன். ஆங்கிலத்தில் இதைவிடச் சிறிய சொற்களும், இதைவிட அதிகம் பொருள் கொண்ட சொற்களும் உண்டு. ஆனால் எங்கள் வாழ்வை இவ்வளவு இறுக்கிப் பிடித்த சொல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் அண்ணரின் பிழை பெரிதன்று. ஆங்கில அகராதியைத் திறந்தால் ‘லீவ்’ என்பது இரு தனிச் சொற்களாகவே பதியப்பட்டிருக்கும். எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று, பிறப்பு வேறு. ‘அனுமதி’ எனப் பொருள்படும் பெயர்ச்சொல் ஒரு குடும்பம். ‘விட்டுச் செல்’ எனப் பொருள்படும் வினைச்சொல் இன்னொரு குடும்பம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறாகவே ஒலித்தன. காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒன்றுபோல ஆகிவிட்டன.

முதலாவது குடும்பத்தின் உறவினரைக் கேட்டால் வியப்பாயிருக்கும். அனுமதியைக் குறிக்கும் ‘லீவ்’, அன்பைக் குறிக்கும் ‘லவ்’ என்ற சொல்லுக்கும், நம்பிக்கையைக் குறிக்கும் ‘பிலீவ்’ என்ற சொல்லுக்கும் இரத்த உறவு. விருப்பம் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை மூன்றும். ஒருவர் மனமுவந்து சம்மதிப்பதே ‘லீவ்’. நேர்காணல் அறையில் ஐந்து மணி நேரம் இருந்து, சொன்னதையே திரும்பச் சொல்லி, ‘உமது கூற்றில் நம்பகத்தன்மை இல்லை’ என்ற பதிலைப் பெற்றவர்கள் இந்த உறவுமுறையைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சொல்லின் பிறப்புப் பதிவு அப்படித்தான் இருக்கிறது.

ஜேர்மனியில் வாழும் வாசகர்கள் இச்சொல்லின் உடன்பிறப்பை நாள்தோறும் கையாளுகின்றனர். வதிவிட அனுமதியைக் குறிக்கும் நீண்ட ஜேர்மன் சொல்லின் வாலில் வரும் ‘எர்லௌப்னிஸ்’ இதே வேரிலிருந்து வந்ததே. விடுமுறையைக் குறிக்கும் ‘ஊர்லௌப்’ என்பதும் அவ்வாறே. பழங்காலத்தில் தலைவனிடமோ தலைவியிடமோ புறப்பட்டுச் செல்லப் பெறும் சம்மதமே ‘ஊர்லௌப்’ எனப்பட்டது. கடமையை விட்டுச் சில நாள் அகன்றிருக்கப் பெற்ற அனுமதி, மெல்ல மெல்ல அந்த நாட்களுக்கே பெயராயிற்று. ஆங்கிலத்திலும் அதுவே நடந்தது. சிப்பாய்க்கும் எழுதுவினைஞருக்கும் மேலதிகாரி தந்த அனுமதி ‘லீவ்’. அது கப்பலேறி எம்மிடம் வந்து, உகரம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு ‘லீவு’ ஆயிற்று. பள்ளிக்கூட லீவு, கசுவல் லீவு, மெடிக்கல் லீவு, நோ பே லீவு. கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்தவர்கள் யாழ்தேவியில் ஊர் திரும்பிய காலத்தில் எங்கள் வீடுகளில் இச்சொல்லுக்கு ஒரு வாசமே இருந்தது. அப்பா வருகிறார் என்பதே அதன் பொருள்.

இனி இரண்டாவது குடும்பம். இங்குதான் வேடிக்கை. இன்று ‘போ’ என்று எம்மை அச்சுறுத்தும் அந்த வினைச்சொல், பிறந்தபோது ‘போதல்’ என்ற பொருளையே கொண்டிருக்கவில்லை. எஞ்சியிருக்கச் செய்தல், இருக்கும்படி விடுதல் என்பதே அதன் பழைய பொருள். அதற்கும் பின்னால், ஒட்டிக்கொண்டிருத்தல் என்ற ஆதி வேர் இருப்பதாகச் சொல்லாராய்ச்சியாளர் கொள்வர். தங்கு என்பதைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லான ‘பிளைபென்’, இந்த வினையின் நெருங்கிய இனம். வாழ்வைக் குறிக்கும் ‘லைஃப்’ என்பதும் அவ்வழியே.

தங்குதல் எவ்வாறு போதல் ஆயிற்று? ஒருவன் வீட்டை ‘லீவ்’ பண்ணினான் என்றால், வீட்டை அது இருந்த இடத்தில் இருக்க விட்டான் என்று பொருள். வீடு இருந்தது, ஆகவே போனவன் அவன். நாளடைவில் மக்கள் எஞ்சிய வீட்டை மறந்து, போன மனிதனைப் பார்க்கத் தொடங்கினர். சொல்லும் அவனோடு புறப்பட்டுவிட்டது.

தமிழ் இந்த வழியை அறியாததன்று. ‘ஊரை விட்டு வந்தோம்’ என்கிறோம். அந்த ‘விட்டு’ என்ன? ‘விடு’ என்ற ஒரே வேரிலிருந்து எத்தனை கிளைகள்! விடுமுறை, விடுப்பு, விடுதி, விடுதலை. உறையும் மனைக்கும் வீடு என்கிறோம். அறம், பொருள், இன்பம் என்பவற்றுக்கு அப்பால் எல்லாவற்றையும் விட்டுப் பெறும் பேற்றுக்கும் வீடு என்கிறோம். ‘விடை’ இன்னும் விசித்திரமானது. வினாவுக்கு மறுமொழியும் விடை. புறப்படுவோர் பெறும் அனுமதியும் விடை. சிவபெருமான் ஏறும் எருதும் விடைதான், அது வேறு வழி. விருந்தினர் விடைபெற்றுச் சென்றார் என்னும்போது, வீட்டுக்காரரிடம் போவதற்கான சம்மதத்தைப் பெற்றார் என்றே பொருள். ஆங்கிலேயர் சற்றுப் பழைய பாணியில் ‘ரேக் லீவ்’ என்பதும் இதுவே. அந்த ‘லீவ்’ முதலாவது குடும்பத்தைச் சேர்ந்த அனுமதிதான். ஆனால் இன்றைய ஆங்கிலேயரிற் பலர் அதைப் ‘போதல்’ என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுக்கே மயக்கம் என்றால் ஈஸ்ற்ஹாம் அண்ணரை யார் குறைசொல்வது?

ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் போவதற்கு விடை கேட்போம். இருப்பதற்கு விடை கேட்கும் வழக்கம் எம் மொழியில் இருந்ததில்லை. அதை இங்கே வந்துதான் கற்றோம்.

சொல்லாமற் கொள்ளாமற் புறப்படுவதை ஆங்கிலேயர் ‘பிரெஞ்ச் லீவ்’ என்பர். பாரிசில் வாழ்வோர்க்குத் தெரியும், பிரெஞ்சுக்காரர் அதே செய்கையை ஆங்கிலேயர் பாணியில் நழுவுதல் என்பர். பக்கத்து வீட்டுக்காரன்மேற் பழியைப் போடுவது உலக வழக்கம். ஆனால் விடைபெறாமற் புறப்படுவதை எங்களைவிட நன்கறிந்தவர் யார்? 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு மழையில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோர் எவரிடம் விடைபெற்றனர்? முற்றத்து மாமரத்திடமா? மறுபுறம், குடாநாட்டை விட்டு வெளியேறவே ‘பாஸ்’ எடுக்க வேண்டியிருந்த காலமும் எமக்கு உண்டு. 1995க்கு முன் அதைக் கொடுத்த கை ஒன்று. பின் கொடுத்த கை வேறொன்று. போவதற்கும் அனுமதி, இருப்பதற்கும் அனுமதி என்று இரண்டையும் வரிசையில் நின்று பெற்ற தலைமுறை நாம்.

வேலைத்தலத்தில் இச்சொல் செய்யும் குறும்பு தனி. நானும் அண்ணரைப்போலப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவன். முதல் வாரத்தில் முதலாளி தொலைபேசியில், காசுப்பெட்டியை லீவ் பண்ணு, வெளிவிளக்குகளை லீவ் பண்ணு, பின்கதவால் லீவ் பண்ணு என்று மூன்று கட்டளைகளை ஒரே மூச்சிற் சொன்னார். பெட்டியைத் தொடாதே, விளக்குகளை எரிய விடு, பின்கதவால் வெளியேறு என்பதே அவர் கருத்து. எனக்கு ‘லீவ்’ என்றால் முடித்துப் புறப்படுதல். ஆகவே பெட்டியைப் பூட்டித் திறப்பைப் பொக்கற்றில் போட்டேன், விளக்குகள் அனைத்தையும் அணைத்தேன், பின்கதவால் வெளியேறினேன். மூன்றில் ஒன்று சரி. மறுநாட் காலை வேலைக்கு வந்தவர் பெட்டியைத் திறக்க வழியின்றி நின்றதையும், நான் வாங்கிய ஏச்சையும் இங்கே விரிக்கத் தேவையில்லை.

பின்னர் விளங்கியது, இவ்வினையின் பின்னே வரும் துணைச்சொல்லே அதன் போக்கைத் தீர்மானிக்கிறதென்று. ‘அலோன்’ சேர்ந்தால், என்னைச் சும்மா விடு. ‘அவுட்’ சேர்ந்தால், சேர்க்காமல் விடு. ‘பிகைன்ட்’ சேர்ந்தால், பின்னே விட்டுச் செல். ‘ரு மீ’ சேர்ந்தால், அதை என் பொறுப்பில் விடு. கணக்கிலே பத்தில் மூன்று போனால் ஏழை ‘லீவ்’ பண்ணும், அது எஞ்சுதல். உயில் எழுதுபவர் வீட்டை மகளுக்கு ‘லீவ்’ பண்ணுவார். அது கொடுத்துச் செல்லுதல். செய்தித்தாளின் மரண அறிவித்தலில், இன்னார் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ‘லீவ்’ பண்ணியிருக்கிறார் என்று வந்தால், குடும்பத்தைக் கைவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் இருக்க இவர் மறைந்தார் என்பதே கருத்து. பழைய பொருளான ‘எஞ்சியிருக்க விடுதல்’ அங்கேதான் இன்னும் உயிரோடிருக்கிறது. இதன் இறந்தகால வடிவமான ‘லெஃப்ற்’ இடப்பக்கத்தையும் குறிப்பது வெறும் ஒலியொற்றுமை. புகையிரத நிலையத்தில் ‘லெஃப்ற் லகேஜ்’ என்ற பலகையைக் கண்டு, பெட்டியோடு இடப்பக்கமாகவே நடந்து சென்ற புதியவர் ஒருவரை நான் அறிவேன். திரும்ப வந்து எடுப்பதற்காக விட்டுச்செல்லும் பொதிகளுக்கான இடம் அது.

சிரிப்பை இவ்விடத்தில் நிறுத்துவோம். சட்டத்தின் ‘லீவ்’ சிரிப்புக்குரியதன்று.

பிரித்தானியக் குடிவரவுச் சட்டத்தில் இச்சொல் நுழைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டமே முதற் கதவு. குடிவரவுக் கப்பலில் வருவோர், அதிகாரியின் ‘லீவ்’ இன்றித் தரையில் இறங்கலாகாது என்று அது விதித்தது. அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது என்பதை எம்மவர் பலர் அறியார்: மதம் அல்லது அரசியல் காரணமான துன்புறுத்தலுக்குத் தப்பி வருபவரை, கையில் காசில்லை என்ற காரணத்தால் மட்டும் மறுக்கக் கூடாது. இன்று நடைமுறையிலுள்ள அடிப்படைச் சட்டம் 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம்; 1973 ஜனவரி 1 முதல் முழுமையாக அமுலுக்கு வந்தது. எல்லையில் நிற்பவருக்கு ‘லீவ் ரு என்ரர்’, உள்ளே இருப்பவருக்கு ‘லீவ் ரு றிமெயின்’ என்று அது பிரித்தது. கால எல்லையுடையது ஒன்று, கால எல்லை குறிக்கப்படாதது இன்னொன்று. எங்கள் உரையாடல்களில் ‘விசா கிடைச்சிட்டுது’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த ‘லீவ்’ கிடைத்ததையே.

எல்லையில் மறுக்கப்படுவதற்கும் உள்ளே மறுக்கப்படுவதற்கும் அக்காலத்தில் இருந்த தூரம் பெரிது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பியனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர் ஓடுபாதைத் தளத்தில் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தது உலகச் செய்தியாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் சிவகுமாரன் வழக்கு எனப்படும் வழக்கில் பிரபுக்கள் சபை தமிழர் அறுவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ‘நன்கு ஆதாரப்பட்ட அச்சம்’ என்றால் என்ன என்பதற்கு இன்றும் எடுத்தாளப்படும் தீர்ப்பு அது. 1988 பெப்ரவரியில் ஐவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு மேன்முறையீட்டு உரிமை இல்லாமலில்லை. ஆனால் ‘லீவ் ரு என்ரர்’ மறுக்கப்பட்டவர் நாட்டை விட்டு வெளியேறிய பின்னரே மேன்முறையீடு செய்யலாம் என்பது அன்றைய சட்டம். எந்த நாட்டிலே தமக்கு ஆபத்து என்றார்களோ, அந்த நாட்டிலிருந்தபடியே அதை நிரூபிக்க வேண்டும். ‘லீவ்’ கிடைக்காதவன் முதலில் ‘லீவ்’ பண்ண வேண்டும். அதன் பிறகே ‘லீவ்’ ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கலாம். அவர்கள் கேட்டார்கள். 1989இல் மேன்முறையீட்டில் வென்று லண்டன் திரும்பினார்கள். 1991 ஒக்ரோபர் 30ஆம் நாள் ஸ்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், வில்வராஜா வழக்கு எனப்படும் அவ்வழக்கில், அவர்களைத் திருப்பியனுப்பியதால் உரிமை மீறல் நிகழவில்லை என்று பெரும்பான்மையாகத் தீர்த்தது வேறு கதை. தஞ்சம் மறுக்கப்பட்டவர் நாட்டினுள் இருந்துகொண்டே மேன்முறையிடும் உரிமை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

நீதிமன்றங்களிலும் இச்சொல் நெடுங்காலம் கோலோச்சியது. மேன்முறையிட ‘லீவ்’, மீளாய்வு கோர ‘லீவ்’. 1999இல் குடியியல் வழக்கு விதிகள் திருத்தப்பட்டபோது, சாதாரண மக்களுக்கும் விளங்கட்டும் என்று அவ்விடங்களில் ‘பேர்மிஷன்’ என்ற சொல்லை வைத்தனர். ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்கள் வரும் மன்றத்தில் சொல்லை எளிதாக்கிவிட்டு, ஆங்கிலம் தெரியாதவர் வரும் குடிவரவுச் சட்டத்தில் பழைய சொல்லையே விட்டுவைத்தனர். குடிவரவு விதிகளிலும் 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ‘பேர்மிஷன்’ பல இடங்களில் ஏறிவிட்டது. ஆனால் தாய்ச் சட்டம் இன்னும் ‘லீவ்’ என்றே பேசுகிறது. கடிதங்களிலும் இரண்டும் கலந்தே வருகின்றன. இரண்டும் ஒன்றே என்பதை மனத்திற் கொள்க.

அண்ணருக்குக் கிடைத்த ‘எக்செப்ஷனல் லீவ்’ இன்று இல்லை. 2003 ஏப்ரலில் அது நீக்கப்பட்டு, மனிதாபிமானப் பாதுகாப்பு என்றும் தற்றுணிபு அனுமதி என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஓராண்டு, பின் மூன்றாண்டு, மீண்டும் மூன்றாண்டு என ஏழாண்டு காத்திருந்து நிரந்தரம் பெற்ற தலைமுறை அவருடையது. 1998இல் அது நான்காண்டாகக் குறைந்தது. அகதி என ஏற்கப்பட்டவர்க்கு உடனடியாகவே கால எல்லையற்ற அனுமதி கொடுத்த சில ஆண்டுகளும் இருந்தன. 2005 ஆகஸ்ற் இறுதியில் அது ஐந்தாண்டு அனுமதியாக மாற்றப்பட்டது. விதிகள் அதன் பின்னும் ஓயவில்லை. ஆகவே நண்பருக்கு என்ன கிடைத்தது, மைத்துனருக்கு எத்தனை ஆண்டு என்று ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள். உங்கள் முடிவில் எழுதப்பட்டுள்ள திகதியே உங்களுடையது.

கடிதம் கையில் வந்தால் நான் பார்க்கச் சொல்வது இதுதான். ‘லீவ்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதன் முன்னும் பின்னும் நிற்பவற்றைப் பாருங்கள். முன்னே ‘கிரான்ரட்’ நின்றால் தரப்பட்டது. ‘றிபியூஸ்ட்’ நின்றால் மறுக்கப்பட்டது. ‘கேர்ட்டெயில்’ என்று வந்தால், இருந்த அனுமதியை இடையில் வெட்டுகிறார்கள். உடனே சட்டத்தரணியிடம் ஓடவேண்டிய கடிதம் அது. பின்னே ‘ரு றிமெயின்’ வந்தால் பேச்சு தங்குதல் பற்றியது. பின்னே ‘த யுனைரெட் கிங்டம்’ என்று நாட்டின் பெயர் நேரே வந்தால் அது வினைச்சொல். வெளியேறுவது பற்றிப் பேசுகிறது. மறுப்புக் கடிதங்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரக் கண்டிருக்கிறேன்: உமக்கு லீவ் இல்லை, ஆகவே நீர் லீவ் பண்ண வேண்டும். அப்படியான கடிதம் ஒன்றை, லீவ் என்ற சொல் இரண்டு தரம் வருகிறதே, நல்ல செய்திதான் என்று நம்பி, மேன்முறையீட்டுக்குக் குறிக்கப்பட்ட நாட்கள் கழியும்வரை அலுமாரியில் வைத்திருந்த குடும்பமொன்றையும் கண்டேன். அண்ணர் இழந்தது மூன்று நாள் உறக்கம். இவர்கள் இழந்தது அதைவிடப் பெரிது. காலம் கடந்த மேன்முறையீட்டை ஏற்குமாறு விண்ணப்பித்தோம். அதற்கும் ஒரு ‘லீவ்’ வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு. கையிலுள்ள அனுமதி முடியுமுன் நீடிப்புக்கு முறையாக விண்ணப்பித்திருந்தால், பதில் வரும்வரை பழைய அனுமதி தானே தொடரும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3சி என்ற பிரிவு இதைச் சொல்கிறது. திகதி முடிந்து ஒருநாள் கழித்து விண்ணப்பித்தவருக்கு இந்தக் குடை இல்லை. மற்றையது, கால எல்லையற்ற ‘லீவ்’ பெற்றவர்கள் அதை அழிவற்றது என எண்ணக் கூடாது. தொடர்ந்து இரண்டாண்டுக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கிவிட்டால், பொதுவாக அது இல்லாதொழியும். நெடுநாள் ‘லீவ்’ பண்ணினால் ‘லீவ்’ போய்விடும். சொல் தன்னைத்தானே விழுங்கும் இடம் இது.

2016 ஜூன் 23ஆம் நாள் பிரித்தானியர் தமக்குத் தாமே இந்தச் சொல்லை வாக்குச்சீட்டில் அச்சிட்டுக்கொண்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘றிமெயின்’, அல்லது ‘லீவ்’. முதலில் ஆம், இல்லை என்றே வினா அமைக்கப்பட்டிருந்தது. தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி இவ்விரு சொற்களும் ஏறின. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் உச்சரித்தே பழகிய எமக்கு, அவை எதிரெதிர்க் கட்டங்களில் நிற்பதைப் பார்க்க விநோதமாயிருந்தது. இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே ‘லீவ் ரு றிமெயின்’ பெற்று அங்கு வாழ்ந்த இலங்கைக் குடிமக்கள், லீவா றிமெயினா என்ற அந்த வாக்கெடுப்பில் வாக்களிக்க உரித்துடையோராயிருந்தனர். இருபதாண்டு அங்கு வாழ்ந்த பிரெஞ்சுக்காரருக்கும் போலந்துக்காரருக்கும் அந்த வாக்கு இருக்கவில்லை. 51.9 வீதத்தால் ‘லீவ்’ வென்றது. அதன் பின், அதுவரை எவரிடமும் எதுவும் கேட்காமல் வாழ்ந்த அந்த ஐரோப்பியர்கள், தங்கியிருக்க விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. ‘செற்றில்ட் ஸ்ரேற்றஸ்’ என்று அதற்குப் புதுப் பெயர். உறையைப் பிரித்தால் உள்ளே இருப்பது எங்கள் பழைய ‘லீவ்’தான். அந்நாட்களில் இத்தாலியர் ஒருவர் விண்ணப்பத்துக்கு உதவி கேட்டு என் அயல்வீட்டுத் தமிழ்ப் பெண்ணிடம் வந்தார். அவர் அனுபவசாலி அல்லவா!

அண்ணரின் கதையை முடிக்க வேண்டும். ஏழாண்டு கழித்து, 1997இல் அவருக்குக் கால எல்லையற்ற அனுமதி வந்தது. கடவுச்சீட்டில் குத்தப்பட்ட முத்திரையைப் பலதடவை தடவிப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்த தாயாருக்கு மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினார்: ‘எனக்கு இன்டெபினிற் லீவ் தந்துவிட்டார்கள், முடிவுத் திகதி இல்லாத லீவ்.’ அவருடைய தந்தையார் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறி மறைந்தவர். கந்தோர்ச் சொற்கள் எல்லாம் தாயாருக்குத் தண்ணீர் பட்டபாடு. ஆறு கிழமையால் மறுமொழி வந்தது. “முடிவில்லாத லீவு எண்டு எழுதியிருக்கிறாய். வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்களோ? நோ பே லீவோ? மறையாமல் எழுது மோனை. ரண்டு சங்கிலி இன்னும் என்னட்டை இருக்கு.”

2003இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், பதினான்கு ஆண்டுகளின் பின் அவர் ஊர் போனார். வேலைத்தலத்தில் சேர்த்துவைத்த விடுமுறை நான்கு கிழமை. புறப்படும் நாட் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தாயார் வாசற்படியில் இருந்தபடி கேட்டாராம்: “அண்டைக்கு முடிவில்லாத லீவு எண்டு எழுதினாய். இப்ப நாலு கிழமைதான் லீவு எண்டுறாய். எது மெய்?”

இரண்டும் மெய்தான் என்று எவ்வாறு விளங்கப்படுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. “போட்டு வாறன் அம்மா” என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினாராம்.